கீசர் யாருடைய பொறுப்பு?

சற்றே நீண்ட பதிவு. வாடகை அறைகளில் வாழும் நண்பர்கள் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் படித்தால் இன்னும் மகிழ்வேன்.

கடந்த சனவரியில் ஒரு காலைப்பொழுது. மணி எட்டாகியும் தில்லியின் பனிமூட்டம் விலகவில்லை. தெற்குத் தில்லியின் நகர்ப்புறக் கிராமம் ஒன்றில், நான்கு தளக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து அறையில் மணிப்பூரைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இருந்தார். அன்று அவருடைய குளியலறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. அடுத்து வாளி உருளும் ஓசை. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மாடிப்படியின் அடியிலிருந்த மின்பலகைக்கு ஒருவர் ஓடி இணைப்பைத் துண்டித்தார். நாங்கள் இருவர் கதவை உடைத்து உள்ளே சென்றோம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நினைவு இருந்தது, வலக்கை விரல்களை மடக்க முடியவில்லை. மருத்துவமனையில் இதயத்துடிப்பைப் பதிவு செய்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அன்று மாலை மின்பணியாளர் ஒருவர் வந்து கீசரைக் கழற்றினார். அவர் காட்டியவை மூன்று. தொட்டிக்குள்ளிருந்த சூடேற்றும் சுருள், வெண்ணிறக் காரை படிந்து விரல் தடிமனுக்குப் பருத்திருந்தது. ஓரிடத்தில் அதன் உலோக உறை வெடித்திருந்தது. இரண்டாவதாக, மூன்றுமுனைச் சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் இணைப்பு அந்த அறைக்கு மட்டுமன்று, எங்கள் தளம் முழுமைக்குமே இழுக்கப்படவில்லை. மூன்றாவதாக, மின்பலகையில் எம்.சி.பி. இருந்தது, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை.

வீட்டுக்காரர் அறுபதைக் கடந்தவர், கொடியவர் அல்லர். செய்தி கேட்டு மருத்துவமனைக்கே வந்தார். ஆயினும் செலவுக் கணக்கு வந்தபோது அவர் சொன்னது இது: “கீசரைப் பயன்படுத்துவது நீங்கள். பழுதுபார்க்க வேண்டியதும் நீங்கள்தானே, மகனே? ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே.”

எழுதித்தான் இருந்தது. “மின்சாதனங்களின் சிறு பழுதுகள் வாடகைதாரரைச் சார்ந்தவை” என்னும் வரியின் கீழ் என் பக்கத்து அறை நண்பரும் கையொப்பமிட்டிருந்தார், நானும் இட்டிருந்தேன். ஒரு மனிதரைக் கொல்லக்கூடிய பழுது எப்படிச் ‘சிறு பழுது’ ஆயிற்று என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பதிவு பிறந்தது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தில்லியில் 1958ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை அது உரிமையாளருக்கு விதிக்கிறது. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. 1988இல் செய்த திருத்தத்தின் வரம்பு அது. முனிர்க்காவிலோ பேர் சராயிலோ கட்வாரியா சராயிலோ சன்னலில்லாத அறைக்கும் அந்தத் தொகையைக் கடந்து வாடகை கொடுக்கிறோம். ஆகவே அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. எஞ்சுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், நாம் கையொப்பமிடும் பதினொரு மாத ஒப்பந்தமும்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால்தான் அது பதினொரு மாதமாக நிற்கிறது.

இனி 2021க்கு வருவோம். அந்த ஆண்டு சூன் மாதம் ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மாநிலங்கள் தத்தம் சட்டமாக ஏற்றுக்கொண்டாலன்றி அது தானாகச் செல்லுபடியாகாது. எனினும் நாடு முழுவதற்கும் ‘மாதிரி’ என்று முன்வைக்கப்பட்ட ஆவணம் அது. அதன் இரண்டாம் அட்டவணை, பழுதுபார்க்கும் பொறுப்பை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலைகள் ஆகியவை உரிமையாளருக்கு. குழாயின் வாஷர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல், கொசுவலை மாற்றுதல், சன்னல் கண்ணாடி மாற்றுதல் போன்றவை வாடகைதாரருக்கு. இந்த இரண்டாவது பட்டியலில்தான், வாஷருக்கும் கொசுவலைக்கும் இடையில், கீசர் பழுதும் சர்க்யூட் பிரேக்கர் பழுதும் இடம்பெற்றிருக்கின்றன.

என் மறுப்பு இந்த இடத்தில்தான். கீசரை வாஷரோடு சேர்த்து வைத்தவர்கள் அதை ஒரு வசதிப்பொருளாகப் பார்த்திருக்கிறார்கள். வெந்நீர் வந்தால் நல்லது, வராவிட்டால் வாடகைதாரர் சரிசெய்துகொள்ளட்டும் என்பது அந்தப் பார்வை. வெந்நீர் வராத கீசர் உண்மையில் ஒரு தொல்லை மட்டுமே. தொல்லையை யார் தலையில் வைத்தாலும் பெரிய அநீதி இல்லை. ஆனால் அந்தக் கருவி பழுதாகும் விதங்கள் இரண்டு. ஒன்றில் தண்ணீர் சூடாகாது. மற்றொன்றில் தண்ணீர் வழக்கம்போலச் சூடாகும். அதனுடன் மின்சாரமும் வரும். முதல் பழுது நம்மைக் கூப்பிட்டுச் சொல்கிறது. இரண்டாவது பழுது தன்னை அறிவிப்பதே இல்லை.

காரணம் கருவியின் அமைப்பில் இருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றும் சுருள், உலோக உறைக்குள் மின்கடத்தாத் தூளை அடைத்துச் செய்யப்பட்டது. தில்லியின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதைச் சூடாக்கச் சூடாக்கச் சுண்ணாம்புக் காரை சுருளின்மேல் படிகிறது. காரை வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாது. சுருள் அளவுக்கு மீறிச் சூடேறி, ஒரு நாள் உறை வெடிக்கிறது. அந்தக் கணத்திலிருந்து தொட்டியும் நீரும் மின்சாரத்தோடு தொடர்பு கொள்கின்றன. எர்த் கம்பி சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது போவதற்கு வழி தேடி நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று குழாயைத் திறப்பவரே அந்த வழி.

“எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்திருக்குமே” என்று வீட்டுக்காரர் கேட்டார். பலரும் அப்படித்தான் நம்புகிறோம். கணக்கு வேறு. 2 கிலோவாட் கீசர் இயல்பாக எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்குப் பொருத்தும் 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். எம்.சி.பி. காப்பது கம்பியை, நம்மையன்று. ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை வேறு: போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது கணக்குப் பார்க்கிறது. இடையில் 30 மில்லி ஆம்பியர் காணாமற்போனாலே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வீடுகளுக்கென அந்த அளவில் கிடைக்கும் கருவி அது. எர்த் இல்லாத வீட்டிலும் பெரும்பாலும் உயிரைக் காத்துவிடும்.

இப்போது கேட்கிறேன். பதினொரு மாதம் தங்க வந்த மாணவர் இவற்றுள் எதை அறிவார்? எதைக் கட்டுப்படுத்த முடியும்? சுருளைத் தொட்டி மறைக்கிறது. எர்த் கம்பியைச் சுவர் மறைக்கிறது. மின்பலகை பூட்டிய கூண்டுக்குள் இருக்கிறது, சாவி வீட்டுக்காரரிடம். கீசர் எந்த ஆண்டு வாங்கியது, கடைசியாக எப்போது திறந்து காரை நீக்கியது என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும், அல்லது அவருக்கும் தெரியாது. வாடகைதாரரின் கைக்கு எட்டுவது சுவிட்சு ஒன்றே.

இதில் வியப்பு என்னவென்றால், நூற்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய சட்டம் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, உரிமையாளரின் முதல் கடமையாக ஒன்றைச் சொல்கிறது: குடியிருப்பவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் உரிமையாளர் அறிந்திருக்கிற முக்கியமான குறையை அவர் வெளிப்படுத்த வேண்டும். கீசரைக் காணாத காலத்தின் சட்டம், ‘மறைந்திருக்கும் குறை யாருடையது’ என்று கேட்டது. கீசரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 2021ஆம் ஆண்டின் பட்டியல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதுமட்டுமன்று, ஒரே ஆபத்தை அது இரண்டாகப் பிளந்தும் விடுகிறது. எர்த் கம்பி உரிமையாளருக்கு, கீசரும் பிரேக்கரும் வாடகைதாரருக்கு என்றால், விபத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டலாம். விபத்துக்கு முன் இருவருமே சும்மா இருக்கலாம்.

எதிர்த்தரப்பை மறைக்க விரும்பவில்லை. வீட்டை வாடகைக்கு விடுவோர் எல்லாரும் செல்வர் அல்லர்; ஓய்வூதியம் இல்லாமல் இரண்டு அறை வாடகையில் காலம் தள்ளும் முதியவர்களை எனக்குத் தெரியும். குடியிருப்போர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் உடைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் ‘ஏற்கெனவே உடைந்திருந்தது’ என்கிறார். இரவெல்லாம் கீசரை ஓடவிடுகிறார்கள் என்பதும் அவர்களின் குறை. இந்தக் குறையில் பாதிதான் உண்மை. 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரமும் இருபது நிமிடங்களும் போதும். பிறகு தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். ஆனால் தெர்மோஸ்டாட்டும் பழுதாகலாம். அந்நிலையில் இரவெல்லாம் ஓடும் கீசர் ஆபத்தானதுதான். குளிப்பதற்கு முன் சுவிட்சை நிறுத்துவது நம் கடமை. உடைத்தால் ஈடு கொடுப்பதும் நம் கடமை. அவற்றை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது, பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக, பார்க்கவே முடியாத பாகத்தின் தேய்மானமும் அவருடையதாகிவிடுவதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெரும்பாலான அறைகளுக்கு மின்கட்டணம் சப் மீட்டர் மூலம் வீட்டுக்காரரிடமே செலுத்தப்படுகிறது. தில்லியில் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைக்கும் ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. அதே ஆண்டு, வீட்டுக்காரரின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வாடகைதாரர் தனி மீட்டர் பெறும் திட்டமும் வந்தது. ஆனால் தனி மீட்டர் கேட்பவருக்கு அறை கிடைப்பது அரிது என்பது அலைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையைக் கொடுக்கிறோம். தன் கம்பி வழியாக மின்சாரத்தை விற்பவர், அந்தக் கம்பி முடியும் இடம் வரை பொறுப்பேற்க வேண்டாமா? பாலை விற்பவர், பாத்திரம் வாங்குபவருடையது என்று சொல்லலாம். பால் கெட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

கீசர் பழுதானால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிலர் முழுத் தொகையைக் கொடுத்துப் பழுதுபார்க்கிறார்கள். பெரும்பாலோர் செய்வதில்லை, பதினொரு மாதத்தில் காலி செய்யப்போகும் அறைக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கடைவீதிக்குப் போய் ஒரு ராடு வாங்கிவருகிறார்கள். வாளிக்குள் மின்சாரத்தை நேரடியாக இறக்கும் அந்தக் கம்பிக்குத் தொட்டி இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை, காவல் என்று எதுவுமே இல்லை. நீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தவர்களின் கதைகளை ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறோம். மற்றொரு மாற்று, கேஸ் கீசர். மின்சாரச் செலவு குறைவு என்று சில வீட்டுக்காரர்களே பொருத்தித் தருகிறார்கள். அதைக் காற்றோட்டமில்லாத சிறு குளியலறைக்குள் பொருத்துவது, மூடிய அறையில் அடுப்பெரிப்பதற்குச் சமம். பிராணவாயு குறையக் குறைய எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைசுற்றுவதை உணரும்போது தாழ்ப்பாளைத் திறக்கக் கை எழாது. சன்னலில்லாத குளியலறையைக் கட்டியவர் யார், அதற்குள் அந்தக் கருவியைப் பொருத்தியவர் யார் என்று கேளாமல், இதையும் ‘கீசர் பழுது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட முடியுமா?

ஆகவே என் கோரிக்கை எளியது. பொறுப்பைக் கருவியின் பெயரை வைத்துப் பிரிக்கக் கூடாது. பழுதின் தன்மையை வைத்துப் பிரிக்க வேண்டும். உயிரைக் காக்கும் பாகங்கள் அனைத்தும், அதாவது எர்த், ஆர்.சி.சி.பி., சூடேற்றும் சுருள், தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வு, கேஸ் கீசரானால் புகைபோக்கும் காற்றோட்டமும், உரிமையாளரின் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதினாலும் அது செல்லக் கூடாது. கைப்பிடி, இணைப்புக் குழாய், கவனக்குறைவால் நேர்ந்த உடைப்பு ஆகியவை வாடகைதாரருடையவை. மாதிரிச் சட்டத்தை ஏற்கப்போகும் மாநிலங்கள் அந்த அட்டவணையின் ஒரு வரியைத் திருத்தினால் போதும். வாடகைதாரர் குடியேறும் நாளில் ஒரு மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சோதித்து, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு இணைப்பதைக் கட்டாயமாக்கலாம். விடுதியில் இடமில்லை என்று சான்று தந்து ஆய்வாளர்களை வெளியே அனுப்பும் பல்கலைக்கழகங்களும் வாடகை ரசீதோடு இந்தத் தாளையும் கேட்கலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாத நண்பர்களுக்குச் சில சொற்கள். அறை பார்க்கப் போகும்போது வாடகைக்கு முன் மின்பலகையைக் கேளுங்கள். அதில் ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று குறித்த பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா பாருங்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் கருவி இருந்தும் பயனில்லை. கீசருக்குத் தனியாக 16 ஆம்பியர் சாக்கெட்டு இருக்க வேண்டும். குளிக்கும் முன் சுவிட்சை நிறுத்துங்கள். முடிந்தால் பிளக்கையே கழற்றுங்கள். குறை கண்டால் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவித்த பிறகும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நாம் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று அதே 108ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் வேறாகச் சொல்லாத இடத்தில்தான் அந்த உரிமை நிற்கும். ஆகவே அந்தச் ‘சிறு பழுது’ வரியை, கையொப்பமிடும் முன்பே பேசித் திருத்துங்கள்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எங்கள் இரு குளியலறைகளுக்கும் இரும்புக் குழாய் ஒன்றே. நவம்பர் மாதத்திலேயே என் குழாயைத் தொட்டபோது விரல் நுனியில் ஒரு கூச்சம், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி, அதை அணிந்து குளித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் ‘நீயே பார்த்துக்கொள்’ என்பார், செலவு என் தலையில் விழும், ஆய்வேட்டின் மூன்றாம் இயல் வேறு காத்திருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து அறைக்குக்கூடச் சொல்லவில்லை. ‘பயன்படுத்துபவரே பழுதுபார்க்க வேண்டும்’ என்ற விதி செய்யும் மிகப் பெரிய தீமை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். குறையைக் கண்டவருக்குச் செலவு என்றாகிவிட்டால், எவரும் குறையைக் காண விரும்புவதில்லை.

நண்பர் மார்ச்சில் அறையைக் காலி செய்துவிட்டார். விரல்கள் குணமாகிவிட்டன என்று சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் ஏழு அறைக்காரர்கள் ஆளுக்கொரு பங்கு போட்டு மின்பலகையில் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறோம், நீண்ட பேச்சுக்குப் பின் வீட்டுக்காரர் பாதிச் செலவை ஏற்றார். எர்த் இழுக்கும் வேலை ‘அடுத்த மாதம்’ என்ற நிலையிலேயே நிற்கிறது. நண்பர் இருந்த அறையில் வெடித்த சுருளை மாற்றி, அதே கீசரை மறுபடியும் மாட்டியாயிற்று. தெருமுனைத் தேநீர்க் கடைச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: “தனி அறை, குளியலறை இணைந்தது, கீசர் வசதி உண்டு.”

அதைப் பார்த்து வரப்போகும் மாணவரிடம் முதல் நாளே கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். நவம்பரிலேயே நான் செய்திருக்க வேண்டியது அது.